சர்க்கரை நோய் வந்த பூனை: உணவும் இன்சுலினும், எதற்குப் பின் எது

இந்த வழிகாட்டி, பூனைக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொல்லி, கையில் இன்சுலின் சீட்டோடு வீடு திரும்பியவர்களுக்கானது. எந்த இன்சுலின், எத்தனை யூனிட் என்பதை முடிவு செய்வது கால்நடை மருத்துவரின் வேலை. அந்தச் சீட்டை வீட்டில் தவறில்லாமல் நடத்துவது எப்படி என்பதே இங்கே பேச்சு.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கூடிய சர்க்கரை பூனையை வாரக்கணக்கில் அரித்துத்தான் கெடுக்கும். அளவுக்கு மீறி இறங்கிய சர்க்கரை சில மணி நேரத்தில் கொன்றுவிடும். கீழே உள்ள வரிசை முழுக்க இந்த வேறுபாட்டை வைத்தே அமைந்தது.

1. நோய் உறுதியானதா, தூண்டியது எது

பூனையைக் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பயத்திலேயே அதன் ரத்தச் சர்க்கரை 300ஐத் (ஒரு டெசிலிட்டரில் மில்லிகிராம்; கீழே வரும் எண்களும் இதே கணக்கு) தாண்டக்கூடும். நோயில்லாத பூனைக்கும் இது நடக்கும். எனவே ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து இன்சுலின் தொடங்கக் கூடாது.

சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா, ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு என்ன என்று கேளுங்கள். ஃப்ரக்டோசமைன் கடந்த இரண்டொரு வாரங்களின் சராசரியைக் காட்டும் என்பதால் அன்றைய பயம் அதைப் பாதிக்காது.

வீட்டில் தெரியும் அடையாளங்களும் இதோடு சேர வேண்டும். நன்றாகத் தின்றும் மெலிவது, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் தண்ணீர் குடிப்பது, மணல் தட்டில் பெரிய பெரிய ஈரக்கட்டிகள் ஆகியவை முக்கியமானவை. சிறுநீர் கழித்த இடத்தை எறும்பு மொய்க்கலாம். நோய் முற்றிய பூனை பின்னங்காலைக் குதிகால்வரை தரையில் பதித்து நடக்கலாம்.

அடுத்து, தூண்டிய காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். தோல் அரிப்புக்கோ இளைப்புக்கோ ஸ்டீராய்டு போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பல் நோய், ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி ஆகிய எல்லாமே இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பவை. அவற்றைக் கவனிக்காமல் யூனிட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் தொற்று அடங்கும்போது அதே யூனிட் அதிகமாகிவிடும்.

வீட்டில் தாத்தா சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும், பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். அப்பாவுக்காக ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலினையும் தொடாதீர்கள். அது வேறு வகையாக இருக்கலாம், வேலை செய்யும் நேரமும் வேறாக இருக்கலாம்.

2. முதல் ஊசிக்கு முன் வீட்டில் இருக்க வேண்டியவை

மருத்துவர் எழுதிய இன்சுலின், அதற்கே உரிய சிரிஞ்சு, குளுக்கோமீட்டர், அதற்கான பட்டைகள், லான்செட் (ரத்தத்துளி எடுக்கக் குத்தும் சிறு ஊசி), சிறுநீரில் கெட்டோன் (உடல் சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) பார்க்கும் பட்டைகள், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, ஒரு நோட்டு. தேனோ குளுக்கோஸ் பொடியோ எப்போதும் இருக்கட்டும். சர்க்கரைக்கு மாற்றாக விற்கும் இனிப்பூட்டிகள் அவசரத்துக்கு உதவாது.

இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணையும் இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். சென்னை வேப்பேரியில் இருப்பதுபோல் கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை அருகில் இருந்தால் அதன் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பூனை வலிப்பில் துடிக்கும்போது எண்ணைத் தேட முடியாது.

நேரத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஊசி பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 7, இரவு 7 என்று வைத்தால் அலுவலகத்திலிருந்து 7 மணிக்குள் திரும்ப முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் 8, 8 என்று வையுங்கள். மாதக்கணக்கில் கடைப்பிடிக்கக்கூடிய நேரமே நல்ல நேரம்.

3. சிரிஞ்சு: உயிர் போகும் தவறு இங்கேதான்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் வருகிறது. யூ-40 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட்; யூ-100 என்றால் 100 யூனிட். பூனைகளுக்கு அதிகம் எழுதப்படும் கிளார்ஜின் (லான்டஸ் போன்றவை) யூ-100. கால்நடைகளுக்கென்றே வரும் கேனின்சுலின் யூ-40. சிரிஞ்சும் அப்படியே: யூ-40க்குச் சிவப்பு மூடி, யூ-100க்கு ஆரஞ்சு மூடி.

நம் ஊர் மருந்துக்கடைகளில் ‘இன்சுலின் சிரிஞ்சு’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் சிவப்பு மூடிதான் கைக்கு வரும். அதில் கிளார்ஜினை ஒரு கோடு அளவுக்கு இழுத்தால் உள்ளே ஏறுவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். நான்கு கிலோ பூனைக்கு இது உயிருக்கே ஆபத்து. மாற்றிச் செய்தால், அதாவது யூ-40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால், பாதிக்கும் குறைவாகவே போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவை ஏற்றத் தோன்றும்.

எனவே கடையிலேயே குப்பியின் மேல் உள்ள எண்ணையும் சிரிஞ்சின் மேல் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். புதுப் பெட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

யூ-100 மருந்துக்கு 0.3 மில்லிலிட்டர் சிரிஞ்சையே கேட்டு வாங்குங்கள், அரை யூனிட் கோடு உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த மருந்தில் ஒரு யூனிட் என்பது 0.01 மில்லிலிட்டர், ஒரு சொட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பெரிய சிரிஞ்சில் இரண்டு கோட்டுக்கு நடுவே கண்ணால் மதிப்பிடுவது பூனையின் உயிரோடு விளையாடுவது.

பேனா வடிவில் வருபவை மனிதர்களுக்கு வசதி. பல பேனாக்களில் ஒவ்வொரு யூனிட்டாகத்தான் கூட்ட முடியும். மருந்து முழுதாக இறங்க ஊசியைத் தோலுக்குள் சில விநாடிகள் பிடித்திருக்கவும் வேண்டும். பூனை அதற்குக் காத்திருக்காது.

4. இன்சுலினைக் காப்பது

2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், ஒரு சிறு டப்பாவுக்குள் வையுங்கள். கதவுத் தட்டு அடிக்கடி சூடாகும். உறைபெட்டியை ஒட்டிய இடத்தில் மருந்து உறைந்துபோகும். உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

கோடையில் மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். நீண்ட நேரம் போனால் மண்பானைத் தண்ணீருக்குள் மூடிய டப்பாவை வைத்துச் சமாளிக்கலாம். பனிக்கட்டியோடு நேரடியாகச் சேர்த்து வைக்கக் கூடாது.

கிளார்ஜின் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினால் எறிந்துவிடுங்கள், எதோடும் கலக்காதீர்கள். கேனின்சுலின் பால்போல் இருக்கும், அடியில் படிவதால் போடும் முன் சீராகக் கலங்கும்வரை குலுக்க வேண்டும். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள்.

5. சர்க்கரை இறங்கிவிட்டால்: ஊசிக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பலர் இதைக் கடைசியில் படிக்கிறார்கள். முதல் ஊசிக்கு முன் வீட்டில் உள்ள எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அடையாளங்கள்: திடீரென்று வெறிபிடித்த பசி, தள்ளாட்டம், வெறித்த பார்வை, தலை நடுக்கம், கூப்பிட்டால் திரும்பாமை, பிறகு வலிப்பு, மயக்கம். சில பூனைகள் ஒரு மூலையில் போய் ஒடுங்கிக்கொள்வதோடு சரி.

விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால் உடனே உணவு கொடுங்கள். வழக்கமாக ஒதுக்கும் மாவுச்சத்துள்ள உணவு இந்த ஒரு நேரத்தில் நல்லது. தின்ன மறுத்தால் தேனை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள்.

வலிப்போ மயக்கமோ என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஈறில் மெல்லிய பூச்சாகத் தேனைத் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விரலைப் பல்லுக்கு நடுவே விடாதீர்கள். தேன் தடவியதும் எழுந்து நடக்கிறது என்று பாதி வழியில் திரும்பாதீர்கள். இன்சுலின் இன்னும் பல மணி நேரம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், சர்க்கரை மறுபடியும் இறங்கும்.

6. உணவு: என்ன மாற்றுவது, எப்போது மாற்றுவது

பூனையின் உடல் இறைச்சிக்கானது. தயிர்சாதமும் பால்சோறும் மத்திக் குழம்பில் பிசைந்த சோறும் தின்று வளரும் நம் வீட்டுப் பூனைக்கு, நாள் முழுக்க மாவுச்சத்துதான் போய்க்கொண்டிருக்கிறது. கிண்ணத்தில் எப்போதும் நிரம்பியிருக்கும் உலர் உணவும் பெரும்பாலும் அதே கதைதான்.

பொட்டலத்தில் மாவுச்சத்து எவ்வளவு என்று எழுதியிருக்காது. நீங்களே கணக்கிடலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஆகியவற்றின் சதவீதங்களைக் கூட்டி 100இலிருந்து கழியுங்கள். சாம்பல் எழுதியிராவிட்டால் உலர் உணவுக்கு 8, ஈர உணவுக்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உலர் உணவில் புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மீதி 36 மாவுச்சத்து. கலோரியாகப் பார்க்கப் புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும், கொழுப்பை 8.5ஆலும் பெருக்குங்கள்: 112, 126, 85. மொத்தம் 323இல் 126, அதாவது சுமார் 39 சதவீதம். புரதம் 10, கொழுப்பு 5, நார் 1, ஈரம் 80, சாம்பல் 2 உள்ள ஈர உணவில் மீதி 2தான். கலோரியில் 8 சதவீதம். இலக்கு ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதத்துக்குள். ‘தானியம் இல்லாதது’ என்று அட்டையில் இருப்பதை நம்பாதீர்கள். உருளைக்கிழங்கும் பட்டாணியும் மாவுச்சத்துதான்.

வீட்டில் வேகவைத்த கோழியும் மீனும் மட்டுமே முழு உணவாகாது. கால்சியம், டாரின் போன்ற சத்துகள் குறையும். முழு உணவாகத் தயாரித்த ஈர உணவை அடிப்படையாக வைத்து, வேகவைத்த கோழியை மேல்தூவலாகக் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு என்பதால் குழம்பிலிருந்து எடுத்த துண்டுகள் ஆகாது. சிறுநீரகக் கோளாறும் உள்ள பூனைக்குப் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வரிசைக்கு வருவோம். மருத்துவர் எழுதிய யூனிட், பூனை இன்றைக்குத் தின்னும் உணவை வைத்து எழுதியது. நீங்கள் வீட்டுக்கு வந்த ஆர்வத்தில் சோற்றையும் உலர் உணவையும் ஒரே நாளில் நிறுத்தினால், அதே யூனிட் அளவுக்கு அதிகமாகிவிடும். ஆகவே என்ன கொடுக்கிறீர்கள், எதற்கு மாற்றப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 7 முதல் 10 நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். அந்த நாட்களில் தினமும் சர்க்கரையை அளந்து மருத்துவருக்குச் சொல்லுங்கள். உணவை மாற்றும் வாரத்தில் யூனிட்டை ஏற்றாதீர்கள்.

உணவு மாறி முடியட்டும் என்று இன்சுலினைத் தள்ளிப்போடுவதும் தவறு. பூனை சோர்ந்து, வாய் வைக்க மறுத்தால் கொள்கையெல்லாம் பிறகு. அது தின்பது எதுவோ அதைக் கொடுங்கள்.

குண்டுப் பூனையைப் பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். எடை வாரத்துக்கு ஒரு சதவீத அளவில் குறைந்தால் போதும். ஐந்து கிலோ பூனை என்றால் வாரம் 50 கிராம்.

நம் தெருக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மதில் தாண்டிப் போகும் பூனைக்குப் பக்கத்து வீட்டு அம்மா அன்போடு வைக்கும் பாலை நீங்கள் கணக்கில் எடுக்க முடியாது. முதல் சில வாரங்களாவது வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள், அக்கம்பக்கத்திலும் சொல்லிவையுங்கள்.

7. ஊசி போடும் வரிசை

அளப்பது, உணவு, ஊசி, குறிப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் அளங்கள். புதியவர்களுக்கு ஒரு பாதுகாப்புக் கோடு: ஊசிக்கு முன் சர்க்கரை 200க்குக் கீழே இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள். உங்கள் பூனைக்கு அவர் வேறு எண் சொன்னால் அதுவே கோடு.

பிறகு உணவு. தின்னத் தொடங்கிய பின்தான் ஊசி. வாந்தி எடுத்தாலோ முகர்ந்துவிட்டுத் திரும்பிப்போனாலோ ஊசியை நிறுத்திவைத்து மருத்துவரை அழையுங்கள்.

சிரிஞ்சில் குமிழி இருந்தால் மருந்தைக் குப்பிக்குள்ளேயே தள்ளி மறுபடி இழுங்கள். பூனை தின்றுகொண்டிருக்கும்போதே விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் லேசாகத் தூக்கி, அடிவாரத்தில் ஊசியைச் செருகி, நிதானமாக அழுத்துங்கள். கழுத்துப் பிடரியில் போடுவதைவிட விலாவில் மருந்து சீராக உறிஞ்சப்படுகிறது. தினமும் சற்று இடம் மாற்றுங்கள்.

தோலின் மறுபக்கம் வழியாக ஊசி வெளியே வந்து மருந்து முடியில் சிந்துவது அடிக்கடி நடக்கும். முடி நனைந்திருக்கும், மருந்து வாடை வரும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அப்போது மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை மருந்து மட்டும் தவறினால் சர்க்கரை சற்று ஏறும், அவ்வளவுதான். இரட்டை மருந்து அப்படியல்ல.

இரட்டை மருந்து இன்னொரு வழியிலும் வரும்: அம்மா போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருப்பார், மகன் வந்து மறுபடி போடுவான். ஃபிரிட்ஜ் கதவில் நாட்காட்டியை ஒட்டி, போட்டவர் அங்கேயே நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் குப்பியை எடுக்கக் கூடாது.

8. காதில் ரத்தம் எடுத்து அளப்பது

மருத்துவமனையில் எடுக்கும் அளவில் பயமும் கலந்திருக்கும் என்பதால் வீட்டு அளவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

காது குளிர்ந்திருந்தால் ரத்தம் வராது. புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் காது மடலில் வையுங்கள், பிறகு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். ஓரத்தில் ஓடும் ரத்தக் குழாய்க்கும் காதின் விளிம்புக்கும் இடையே, பின்னால் மடித்த பஞ்சைத் தாங்கலாக வைத்துக் குத்துங்கள். கடுகளவு ரத்தம் போதும். பட்டையைத் துளியில் தொட்டு, காதைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உடனே ஒரு துண்டு கோழி. சில நாட்களில் மீட்டரின் சத்தம் கேட்டதும் அதுவே வந்து உட்காரும்.

மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். ஆல்பாட்ராக் போன்ற விலங்கு மீட்டர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரே மீட்டரை மாற்றாமல் பயன்படுத்தி, எது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தோலில் ஒட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே உணரியையும் பூனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். 14 நாளுக்கானது என்றாலும் பூனை அதற்கு முன்பே பிய்த்தெறிந்துவிடலாம்.

9. அளவை ஏற்றுவதும் இறக்குவதும்

காலையில் ஊசிக்கு முன் 380 என்று பார்த்ததும் இன்னும் ஒரு யூனிட் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். ஊசிக்கு முந்தைய எண் மருந்து தீர்ந்த நேரத்து எண். நடுவில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதுதான் யூனிட்டை முடிவு செய்யும்.

அதற்கு ஒருநாள் முழுக்க, ஊசி முதல் அடுத்த ஊசிவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். மிகத் தாழ்ந்த புள்ளி ஏறத்தாழ 80க்கும் 150க்கும் இடையே இருந்தால் நல்லது. 80க்குக் கீழே போனால், காலை எண் எவ்வளவு உயரமாக இருந்தாலும், பேச வேண்டியது குறைப்பதைப் பற்றித்தான்.

புது அளவு நிலைபெற ஐந்து முதல் ஏழு நாள் வேண்டும். மாற்றம் அரை யூனிட், மிஞ்சினால் ஒரு யூனிட், அதுவும் மருத்துவர் சொல்லி. எண்ணோடு பூனையையும் பாருங்கள்: தண்ணீர் குறைந்ததா, எடை நின்றதா, மறுபடி அலமாரி மேல் தாவுகிறதா?

10. காத்திருக்கக் கூடாத நேரம்

தின்னவில்லை, வாந்தி, ஒடுங்கிக் கிடக்கிறது, மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை, சிறுநீர்ப் பட்டையில் கெட்டோன். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே அன்றிரவே மருத்துவமனை. ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கலாம்; அப்படியானால் வீட்டு ஊசியால் தீராது, ரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும்.

11. ஊசி தேவைப்படாமல் போனால்

நோயைத் தொடக்கத்திலேயே பிடித்து, மாவுச்சத்தைக் குறைத்து, இன்சுலினை ஒழுங்காகக் கொடுத்த பூனைகளில் பல சில மாதங்களில் ஊசி இல்லாமலேயே இருக்கத் தொடங்குகின்றன. பெரும்பாலும் இது முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கும். அதனால்தான் ஒரு நல்ல வாரத்துக்குப் பின் அளப்பதை நிறுத்துவது ஆபத்து: தேவை குறைவது தெரியாமல் பழைய யூனிட்டையே போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

குறைந்த யூனிட்டிலும் எண்கள் தொடர்ந்து இயல்பாக இருந்தால், மருத்துவர் படிப்படியாக இறக்கி நிறுத்துவார். நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நின்ற பிறகும் உணவு அதேதான், சோறு திரும்ப வரக் கூடாது. வாரம் ஒருமுறை அளப்பதும் மாதம் ஒருமுறை எடை பார்ப்பதும் தொடரட்டும்.

பிற்காலத்தில் வேறெந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், இந்தப் பூனைக்குச் சர்க்கரை இருந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அரிப்புக்குப் போடும் ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி நோயைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.